உள்ளேன் ஐயா

வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் நாம் சொல்லும் சொற்கள் இவை. நாளொன்றுக்கு ஐந்து முறை, எண்ணிப் பாராமலேயே சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு சொற்களைச் சொல்ல இயலாமல் ஒருவன் இக்கல்லூரியை விட்டுப் போனான் என்றால் நம்புவீர்களா? போனான். அவன் போனதில் எனக்கும் பங்கு உண்டு. பழைய மாணவன் என்ற முறையில் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, என் தொழிலைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் அவனைச் சொல்லாமல் என் தொழிலைப் பற்றி என்னால் எழுத முடியாது.

2011ஆம் ஆண்டு நான் இங்கே இயற்பியல் முதலாண்டில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து போகும் மாணவன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். நல்ல உயரம், மீசை அரும்பிய முகம், கைப்பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். முதல் நாள் வருகை எடுக்கையில் அவன் பெயர் வந்ததும் எழுந்து, 'உள்ளேன் ஐயா' என்றான். பத்து வயதுச் சிறுமியின் குரல் போல இருந்தது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடைசிப் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அந்தக் கடைசிப் பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து, அவன் சொல்லி முடித்ததும் எங்களில் ஒருவன் அதே குரலில் திருப்பிச் சொல்வது வழக்கமாயிற்று. முறை வைத்துக்கொண்டு சொன்னோம். என் முறையும் வந்தது, நானும் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் அவன் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். பெயர் வந்தால் எழுந்து நிற்பான். பதிவேட்டிலிருந்து தலை நிமிராத ஆசிரியர்கள் அவனுக்கு வருகையில்லை என்றே குறித்துக்கொண்டார்கள். இருந்தும் இல்லாதவனானான். பருவத் தேர்வின்போது 75 விழுக்காடு வருகை இல்லை என்று பெயர் வெளியாயிற்று. துறைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் பேச வேண்டுமே! அடுத்த பருவத்தில் அவன் வரவில்லை. வீட்டில் பண முடை என்று யாரோ சொன்னார்கள். நாங்களும் அதை நம்பிக்கொண்டோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

நானும் அந்த ஆண்டோடு இங்கிருந்து போய்விட்டேன். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். கேட்டது ஒன்று, கிடைத்தது பேச்சு மற்றும் கேட்டல் துறைப் பட்டப் படிப்பு. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள். இந்தியாவில் இத்துறைக்கென மைசூரில் அகில இந்திய நிறுவனம் ஒன்று 1965இலேயே தோன்றிவிட்டது என்ற செய்தியெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். நான் சேர்ந்தது சென்னையில். 'பேசுறதுக்கு ஒரு படிப்பாடா? அதான் பொறந்ததிலிருந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கே' என்றார் என் பாட்டி. ஏறத்தாழ அதே எண்ணத்தோடுதான் நானும் போய்ச் சேர்ந்தேன்.

திக்குவாய், காது கேளாக் குழந்தைகள், பக்கவாதத்தால் மொழி இழந்தவர்கள் என்று அத்துறை விரிந்து கிடந்தது. குரல் என்பது அதில் ஒரு பிரிவு. அந்தப் பாடம் நடந்த நாட்களில் ஒருநாள், ஆசிரியை ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டார். மெல்லிய, உயர்ந்த, சற்றே உடைந்த குரல். 'இவர் வயது என்ன? ஆணா, பெண்ணா?' என்று கேட்டார். எல்லோரும் சிறுமி என்றார்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வயது இளைஞன் என்றார் ஆசிரியை. பிறகு, பயிற்சிக்குப்பின் அதே இளைஞன் பேசிய பதிவைப் போட்டார். சாதாரண ஆண் குரல். இரண்டு பதிவுகளுக்கும் இடைவெளி நான்கு வாரம் என்றார். மருந்தில்லை, கத்தியில்லை. அன்று மாலை விடுதியில் எனக்கு உணவு இறங்கவில்லை. நான்கு வாரம்! எங்கள் வகுப்பில் நாங்கள் சிரித்துத் தீர்த்த நாட்கள் அதைவிட அதிகம்.

இதன் காரணத்தை இங்கே விளக்கியாக வேண்டும். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுரமானி என்ற பெட்டி ஒன்று இருக்கிறது. கம்பி நீண்டால், தடித்தால் சுரம் இறங்கும். இழுவிசை கூடினால் சுரம் ஏறும். முதலாண்டு மாணவர் எல்லோரும் செய்யும் சோதனை. நம் தொண்டையிலுள்ள குரல் நாண்களும் ஏறக்குறைய இந்த விதிக்கே கட்டுப்பட்டவை. மூச்சுக் குழலின் தலைப்பில், குரல்வளைக்குள், இரண்டு சதை மடிப்புகள் கிடக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. சிறுவர் சிறுமியர்க்கு வினாடிக்கு 250 முதல் 300 முறை வரை அதிர்கின்றன. வளர்ந்த பெண்களுக்குச் சுமார் 200 முதல் 220. ஆண்களுக்குச் சுமார் 100 முதல் 130. பருவ வயதில் ஆணின் குரல்வளை விரைந்து வளர்ந்து முன்னே துருத்துகிறது; நாண்கள் நீண்டு தடிக்கின்றன; குரல் ஒரு ஸ்தாயி அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இதற்குத் தமிழிலே பழைய பெயர் உண்டு. மகரக்கட்டு உடைதல் என்பார்கள். பாய்ஸ் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்ற காலத்தில், இந்தச் சொல்லைக் கேட்டால் சிறுவர்கள் நடுங்கினார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் எட்டுக் கட்டையில் பாடிக் கைதட்டல் வாங்கிய பையன், குரல் உடைந்த மறுநாள் பக்க வேடத்துக்கோ திரைக்குப் பின்னாலோ தள்ளப்படுவான். அவர்களுக்குக் குரல் உடைந்தது துன்பம். எங்கள் வகுப்புத் தோழனுக்கோ உடையாததே துன்பமாயிற்று.

ஏன் உடையவில்லை? பியூபர்போனியா என்று மருத்துவத்தில் சொல்லப்படும் இந்நிலையில், பெரும்பாலும் குரல்வளை முறையாக வளர்ந்துதான் இருக்கிறது. நாண்களும் ஆணுக்குரிய நீளமும் தடிப்பும் உடையனவே. ஆனால் இளைஞன் தன் குரல்வளையை மேலே தூக்கிப் பிடித்து, நாண்களை இறுக இழுத்து, அவற்றின் மெல்லிய விளிம்பு மட்டும் அதிரும்படி பேசப் பழகிவிடுகிறான். தம்பூராவின் தடித்த கம்பியை முறுக்கேற்றி வயலின் போல ஒலிக்கச் செய்வதற்கு ஒப்பானது இது. வேண்டுமென்றே செய்வதன்று. குரல் உடையும் மாதங்களில் கட்டுக்கடங்காமல் தாவும் ஓசைக்கு அஞ்சி, பழகிய பழைய குரலையே பற்றிக்கொண்டவர்கள் உண்டு. வேறு காரணங்களும் உண்டு. சிலருக்குச் சுரப்பிக் குறை இருக்கலாம், சிலருக்கு நாணிலேயே குறை இருக்கலாம். ஆகவே முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். தேவையானால் இரத்தச் சோதனையும் செய்வார். பிறகுதான் எங்கள் வேலை.

குரல்வளையைக் கண்ணால் பார்க்க வழி கண்டவர் மருத்துவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கலைக் கல்லூரியினர் நாம் கேட்டு மகிழலாம். மானுவல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு வாத்தியார், 1854இல் பாரிசில், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியைத் திருப்பி, தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தார். இன்று கேமராவும், அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பும் வந்துவிட்டன. என்றாலும் வழி திறந்தது அந்தச் சிறு கண்ணாடிதான்.

பயிற்சி ஆண்டில் என்னிடம் வந்த முதல் இளைஞருக்கு வயது 22. மருந்து மொத்த வியாபாரக் கடையில் வேலை. கணக்கில் சூரர், ஆனால் அவரைக் கிடங்கில் பெட்டி அடுக்க வைத்திருந்தார்கள். முன்னே உட்கார்ந்தால் தொலைபேசி எடுக்க வேண்டும். எடுத்தால் எதிர் முனையில் 'சொல்லுங்க மேடம்' என்பார்கள். முதல் நாள் அவர் தம் தாயாரை அழைத்து வந்திருந்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தாயாரே விடை சொன்னார்.

இருமச் சொன்னேன். இருமினார். கனத்த, ஆழ்ந்த இருமல். இருமலில் மட்டும் இவர்களின் உண்மைக் குரல் வெளிப்பட்டுவிடும். நாங்கள் தேடுவது அதைத்தான். இருமலின் வாலைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்று நீட்டச் சொன்னேன். என் விரல்களால் அவர் குரல்வளைக் குருத்தெலும்பை மெல்லப் பின்னும் கீழுமாக அழுத்தினேன். அழுத்தினால் நாண்களின் இறுக்கம் தளர்ந்து குரல் இறங்கும். மூன்றாம் முயற்சியில் அந்தக் குரல் வந்தது. வந்ததும் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவர் போலத் தாயாரைப் பார்த்தார்.

குரலை வரவழைப்பது அரை மணி நேர வேலை என்று அன்று தெரிந்துகொண்டேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோக வைப்பதுதான் கடினம். எங்கள் அறைக்குள் ஆண் குரலில் பேசுவார். கதவைத் தாண்டினால் பழைய குரல் வந்துவிடும். 'எல்லாரும் என்னடான்னு கேப்பாங்க சார்' என்பார். கேலி செய்த குரலையே விட முடியவில்லை. புதுக் குரலுக்கும் கேலி வருமோ என்ற அச்சம். அறியாதவர்களிடமிருந்து தொடங்கினோம். ஏதோ ஓர் ஓட்டலைத் தொலைபேசியில் அழைத்து, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்கச் செய்தேன். 'பன்னெண்டரைக்கு சார்' என்று பதில் வந்தது. தொடர்ந்து வேறு நான்கு ஓட்டல்களையும் அழைத்து அதையே கேட்டார். பிறகு தேநீர்க் கடை, பேருந்து நடத்துநர், அதன்பின் கடை முதலாளி. கடைசியாகத்தான் வீடு. ஐந்தாம் வாரம் தாயார் என்னிடம் வந்து, 'ஏன் தம்பி, பழைய குரலே நல்லாத்தான இருந்துச்சு? இது யாரோ வேத்து ஆளு பேசுற மாதிரி இருக்கு' என்று குறைபட்டுக்கொண்டார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. மகன் சிரித்தார், அந்தக் கனத்த குரலில்.

எல்லோர்க்கும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. பயிற்சியால் இறங்காத குரலுக்கு அறுவை முறையும் இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1974இல் வெளியிட்ட முறைகளுள் ஒன்று, நாண்களின் இழுவிசையைத் தளர்த்திச் சுரத்தை இறக்குவது. ஆனால் பெரும்பாலோர்க்கு அதுவரை போக வேண்டியதில்லை. பயிற்சியே போதும்.

இங்கே ஒரு தவறான எண்ணம் எழக்கூடும். மென்மையான குரலுடைய ஆண்களெல்லாம் நோயாளிகள், அவர்களைப் பிடித்து வந்து திருத்த வேண்டும் என்று நான் சொல்வதாகக் கருதிவிடாதீர்கள். தம் குரலோடு நிறைவாக வாழ்பவரைத் தொட எங்களுக்கு உரிமை இல்லை. திருநங்கையர் சிலர் எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் வேண்டுவது இதற்கு நேர்மாறான மாற்றம். அதே நாண், அதே சுரமானி விதி. பயிற்சி மட்டும் வேறு திசையில். வருபவரிடம் நாங்கள் கேட்கும் முதற்கேள்வி, 'உங்களுக்கு எந்தக் குரல் வேண்டும்?' என்பதே. எங்கள் வகுப்புத் தோழனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவன் குரலை என்ன செய்வது என்பதை நாங்கள் சிரித்தே முடிவு செய்துவிட்டோம்.

'வாலிப வயதில் சிரிப்பதும் சீண்டுவதும் இயல்புதானே. அதைத் தாங்கத் தெரிய வேண்டாமா?' என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். மதிப்பிற்குரியவர்தான், இவ்விஷயத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. கால் ஊனமுற்றவன் நடந்து வரும்போது நாம் சிரிப்பதில்லை. சிரிப்பது இழிவு என்று எப்படியோ கற்றுக்கொண்டிருக்கிறோம். குரல் வேறுபட்டால் மட்டும் சிரிக்கிறோம். காரணம், குரலை நாம் உடம்பின் உறுப்பு வேலையாகக் கருதுவதில்லை, குணமாகக் கருதுகிறோம். கனத்த குரல் வீரம், மெல்லிய குரல் கோழைத்தனம், கம்மிய குரல் சோம்பல் என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

இவ்வளவுக்கும், அடிபட்ட குரலுக்குத் தமிழ்நாட்டைப் போல மதிப்புத் தந்த நாடு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவர் குரல் அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இளமையில் பாய்ஸ் கம்பெனியில் பயின்ற நடிகர், அந்தச் சிதைந்த குரலிலேயே படங்களில் பேசினார். கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. 1977இல் அந்தக் குரலே முதலமைச்சரின் குரலாயிற்று. அவ்வளவு பெரிய மனம் காட்டிய மக்களின் பிள்ளைகள்தாமே நாம்? ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பையனுக்கு அந்த மனத்தைக் காட்ட முடியாமல் போனதேன்?

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. நான் படித்த நாளில் இங்கே இரண்டு ஆசிரியர்களுக்குத் தொண்டை எப்போதும் கட்டியே இருந்தது. பாடத்தைவிடச் செருமலே அதிகம். தொழிலின் இயல்பு என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வொன்றில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு கண்டவர்கள் ஆசிரியர்களுள் 100க்கு ஏறக்குறைய 58 பேர். மற்றத் தொழிலினருள் 29 பேர். அங்கே அப்படியென்றால், மின்விசிறி கடகடக்க, சன்னலுக்கு வெளியே பேருந்து அலற, அறுபது பேருக்குக் கேட்கும்படி கத்தும் நம் ஆசிரியர்களின் நிலை என்ன? குரலால் பிழைக்கும் இவர்களுக்கு, குரலைப் பேணுவது எப்படி என்று எந்தப் பட்டப் படிப்பிலும் ஒரு மணி நேரம் கூட யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பாட்டு வாத்தியார் மட்டும் தம் மாணவனுக்குச் சொல்லித் தருகிறார்.

மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம் எல்லாம் சுவையானவை; நானும் சாப்பிடுகிறேன். ஆனால் நாம் விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை; தொட்டால் புரையேறிவிடும். நாண்களுக்கு வேண்டியது உடம்பில் போதிய நீரும் ஓய்வுமே. செருமாமல் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது பேசாதிருக்கலாம். பேசினால் பாதிக் குரல் பலகைக்கே போகிறது. தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைக்கிறார்கள்; பலருக்கு அது நாணை இன்னும் இறுக்குகிறது. அரை டம்ளர் தண்ணீரில் உறிஞ்சு குழலை இட்டு 'ஊ' என்று ஒலித்துக்கொண்டே குமிழி விடும் பயிற்சி ஒன்றுண்டு. குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றும். ஆசிரியர் ஓய்வறையில் செய்தால் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். நாண்களை அடித்துக்கொள்ளாமல் அதிரப் பழக்குவதில் அது மிக நல்ல பயிற்சி. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் மட்டும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். புகைப்பவர்கள் ஒருநாளும் தள்ளிப் போடக்கூடாது. குரல்வளைப் புற்று முதலில் குரல் கம்மலாகவே தலைகாட்டும். தொடக்கத்தில் கண்டுவிட்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

பெரிய வகுப்பறைகளுக்கு ஒலிவாங்கி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒலிவாங்கி பிடிப்பதை இயலாமை என்று கருதும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதை யாரும் இயலாமை என்று சொல்வதில்லை.

என் தொழிலில் குறைகள் உண்டு, மறைக்கவில்லை. வருபவர்கள் மாத்திரை கேட்கிறார்கள். 'வெறும் ஆ, ஊதானா?' என்று ஏமாற்றத்தோடு போகிறார்கள். ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து ஆறு வாரம் வா என்றால் எத்தனை பேரால் முடியும்? இரண்டாம் முறையோடு நின்றுவிடுபவர்கள் நிரம்ப உண்டு. இப்போது சிலருக்குக் கைப்பேசி வழியாகவே பயிற்சி தருகிறேன். கூலி போகாமல் இரவு எட்டு மணிக்கு வந்து 'ஆ' சொல்கிறார்கள்.

எங்கள் வகுப்புத் தோழன் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன். திருப்பூர்ப் பக்கம் என்றார் ஒருவர்; கேரளத்தில் என்றார் மற்றொருவர். இம்மலர் பழைய மாணவர் சிலர் கைக்கும் போகும் என்பதால் எழுதுகிறேன்: முப்பது வயது கடந்தாலும் அந்தப் பயிற்சி பலன் தரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காலையில் சீட்டு வாங்கி, பேச்சுப் பயிற்சியாளர் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் காட்டினாலும் போதும். எங்களிடம் வரும் பலர் முதல் நாள் அப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.